வேணும், வேணாம்

போன கிழமை மட்டக்களப்பில் ஒரு மருந்துக் கடையில், மருந்து எடுத்துத் தந்த பிள்ளை "பேக் வேணுமா அன்ரி?" என்று கேட்டாள். "எனக்குப் பை தேவையில்லை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வீட்டிலும் இதே கேலிதான், நான் ரேடியோவில் செய்தி வாசிக்கிறேனாம். என்ன செய்ய, ‘வேணாம்’ என்ற சொல் என் வாயில் வராமல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

அப்போது நான் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருந்த ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில், வயர்லெஸ் அறையில் வேலை செய்தேன். அந்த அறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாசம்தான்: டீசல், கருவாடு, துறைமுக அதிபர் நாள் முழுக்கக் குடிக்கும் இஞ்சித் தேத்தண்ணி. எங்களுக்கெல்லாம் அவர் ‘சேர்’. நல்ல மனிதர், ஆனால் சட்டமென்றால் சட்டம். எந்தப் படகை எங்கே கட்டுவது, எது வெளிக்கிடுவது, எது உள்ளே வருவது, எல்லாம் அவர் சொல்தான். மீறினால் அனுமதி போய்விடும். கடலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட அந்தச் சொல்லுக்குக் காத்து நிற்பார்கள். அதைக் கடலுக்குக் கொண்டுபோகிற வாய் என்னுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஓட்டமாவடி முஸ்லிம் படகோட்டி ஒருவர், அவர்களின் வழக்கப்படி அண்ணன் என்ற முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாளும் உத்தரவை மீறாத மனிதர். மாரி காலத்தில் ஒரு காலை, மூன்று நாள் தொழில் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். முகத்துவாரத்தில் மணல் ஏறியிருந்தது, அலையும் அதிகம். "வரவேணாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அதிபர். சொன்னேன். கருவி கரகரவென்று இரைந்தது.

"வரவேணுமா தங்கச்சி? இஞ்ச அலை கூடவாக் கிடக்கு. சேர்தான் சொன்னவரா?"

எனக்கு அது ‘வரவேணாமா’ என்றுதான் கேட்டது. "ஓம் காக்கா, சேர்தான் சொன்னவர்" என்றேன்.

வந்தார். படகு மணல் திட்டில் ஏறி, சரிந்து, எங்கள் கண் முன்னாலேயே இரண்டாக உடைந்தது. யன்னலில் நின்று பார்த்த எனக்கு, அவர் கேட்டது ‘வரவேணுமா’ என்பது அப்போதுதான் உறைத்தது. படகில் இருந்த நாலு பேரும் நீந்திக் கரையேறினார்கள், அது மட்டும் ஆறுதல்.

அதிபரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ முதல் என்ன சொன்னாய்? வேணாம் எண்டுதானே? அப்ப மீறினது அவர்தான்."

பதிவேட்டில் ‘உத்தரவை மீறி உள்ளே வந்தது’ என்று எழுதினார். காக்காவின் அனுமதி ரத்தானது.

இரண்டு நாள் கழித்துக் காக்கா வந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"ரெண்டு பேருக்கும் காதுதான் பிழை தங்கச்சி. படகு போனாப் போகட்டும். மீறின ஆள் எண்டு மட்டும் எழுத வேணாம் எண்டு சேரிட்டச் சொல்லுங்க."

அந்த ‘வேணாம்’ மட்டும் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டது! போய்க் கேட்டேன். "எழுதினது எழுதினதுதான்" என்றார் அதிபர். அதற்கு மேல் நான் யாரிடம் போவேன்?

இப்போது படகுகளுக்கு எழுத்திலேயே செய்தி போகிறதாம். அந்தத் துறைமுகத்தை மூடிவிட்டார்கள், வயர்லெஸ் அறை இருந்த இடத்தில் எருக்கலை நிற்கிறது. அதிபர் இறந்துவிட்டார். காக்காவும் மௌத்தாகிவிட்டார். பதிவேடு எங்கே போனதோ தெரியாது, எங்கே கிடந்தாலும் அதில் அவர் மீறின ஆள்தான். அந்த ஒரு வரியை வெட்டும் அதிகாரம் அதிபர் உட்கார்ந்திருந்த ஒரேயொரு கதிரைக்குத்தான் இருந்தது. அந்தக் கதிரையும் இப்போது இல்லை.