வெளிக்கிடுங்கோ, பிள்ளை

ஆண்டு மலருக்காக இதைத் தட்டச்சு செய்யப்போகிறவரிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோட்டுக்குள் நிற்காது. எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று எனக்கு எப்போதும் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் பேனை பிடித்ததெல்லாம் கையெழுத்து வைக்கத்தான். பிழைகளைத் தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் ஆட்கள் பேசுகிற இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தச் சொற்களில்தான் நடந்தது எல்லாம் இருக்கிறது.

போன வருடப் பனிக்காலத்தில், என் காரின் பின்பக்கத்தில் இரண்டு பயணப் பெட்டிகளைத் தூக்கி வைத்த ஒரு சனிக்கிழமை. ஒன்று நீலம், மற்றது கறுப்பு. விமான நிலையத்தில் அடையாளம் தெரிவதற்காக நீலப் பெட்டியின் பிடியில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருந்தது. பனி கொட்டி ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த நேரம். பெட்டிகள் நல்ல பாரம். இருந்தும் நான் சிரித்த முகத்தோடுதான் தூக்கி வைத்தேன். அந்தப் பிள்ளையைக் கடைசியில் அழவைத்தது என்னுடைய அந்தச் சிரிப்புத்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மகள் படிக்கத் துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போனபின் ஒஸ்லோவில் எங்கள் வீட்டின் கீழறை வெறுமையாகக் கிடந்தது. கோயிலில் யாரோ சொல்லித்தான் அந்தப் பிள்ளை வந்தாள். தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கம் ஊர். பழைய கட்டடங்களைப் பற்றிய படிப்பு. ஒரு செமஸ்டர் மட்டும் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. தகப்பன் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெண்பிள்ளையைத் தனியாக இவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு மனமே இல்லையாம். பல மாதங்கள் கெஞ்சியபின் ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார். தமிழ் ஆட்களின் வீட்டில்தான் தங்க வேண்டும். அங்கே சரிவரவில்லை என்றால் படிப்பு எந்த நிலையில் இருந்தாலும் அடுத்த விமானத்தில் ஏறி வந்துவிட வேண்டும். வந்த அன்றே அவள் இதை என் மனைவியிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரித்தாலும் அது சிரிப்பான விசயம் இல்லை என்று எனக்குப் பட்டது.

முதல் நாள் சாப்பாட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. "நான் கறி சாப்பிட மாட்டேன் ஆன்ட்டி" என்றாள் பிள்ளை. இலங்கை ஆட்களான எங்களுக்குக் கறி என்றால் கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. இப்படியும் ஒரு பிள்ளையா என்று மனைவி அதிசயப்பட்டு, வெறும் சோற்றையும் தயிரையும் வைத்தாள். நாங்கள் மூன்று கறியோடு சாப்பிட, அவள் பேசாமல் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். மூன்றாம் நாள்தான் அவர்கள் ஊரில் கறி என்றால் இறைச்சி மட்டும் என்று விளங்கியது. அதன்பிறகு மனைவி, தொலைக்காட்சித் தொடர்களில் கேட்டுப் பழகிய இந்தியத் தமிழில் அவளோடு பேசத் தொடங்கினாள். "சாப்டியாம்மா, தூங்கினியாம்மா" என்று அவள் இழுத்து இழுத்துப் பேச, நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று சிரிப்பேன். "நீங்கள் வாயைத் திறக்கிறேல்லை, திறக்கிற ஆளைப் பாத்துப் பகிடி வேறை" என்பாள் மனைவி.

அது உண்மைதான். நான் வெதுப்பகத்தில் மாவோடும் அடுப்போடும் வேலை செய்கிற ஆள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒருத்தியிடம் எதைப் பேசுவது? எதையாவது பேசி அவளுக்கு விளங்காமல் போய், அவள் திரும்பக் கேட்டால், எனக்குக் காது சூடாகிவிடும். கதவடியில் கண்டால் தலையை ஆட்டுவேன், அவளும் ஆட்டுவாள். மேசையில் அவள் மனைவிக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய ஒஸ்லோவில் ரயில் பாதைக்கு அருகே கிடக்கிற கற்கள் ஒரு காலத்தில் பெரிய தேவாலயம் என்றும், அதை அளந்து படம் வரைவதுதான் தன் வேலை என்றும் ஒருநாள் சொன்னாள். நான் எத்தனையோ வருடங்களாக அந்தக் கற்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஏதோ வீடு கட்டத் தொடங்கி விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கு முதல்நாள் மாலை பிள்ளை எங்களுக்குச் சமைத்துத் தருகிறேன் என்று குசினிக்குள் நின்றாள். எண்ணெய் நன்றாகக் கொதித்தபின் காய்ந்த செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டிருக்கிறாள். புகை எழும்பி, கூரையில் இருந்த புகைமணி ஊரைக் கூட்டியது. பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவி கம்பளிக் காலுறையோடு பனிக்குள் ஓடி வந்து கதவைத் தட்டினாள். நான் கதிரையில் ஏறி மணியைக் கழற்ற, பிள்ளை இருமிக்கொண்டு கிழவியிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டபடி நின்றாள். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த மனைவி, பிள்ளையைப் பார்த்துப் பாவப்பட்டு, "நீ இனிமே சமைக்கவே வேணாம்மா" என்றாள். நான் சமைத்துத் தருகிறேன், நீ படி என்பதுதான் அதன் கருத்து. பிள்ளை கீழே இறங்கிப் போய்விட்டாள்.

கதவடியில் அவளுடைய துணிச் சப்பாத்து ஊறிப்போய்க் கிடந்ததை மனைவி அப்போதுதான் கண்டாள். அதோடுதான் இவ்வளவு நாளும் பனியில் நடந்திருக்கிறாள். "இஞ்சருங்கோ, நாளைக்கு எனக்கு மத்தியானத்தோடை வேலை முடியுது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை ஏத்துங்கோ. ஸ்ட்ரோம்மன் கடையளுக்குப் போய் ஒரு நல்ல சப்பாத்து எடுத்துக் குடுப்பம். முன்னமே சொல்லிப்போடாதேங்கோ, வேண்டாம் எண்டு நிப்பா."

மறுநாள் நான் கீழ்ப்படியில் நின்று கதவுக்கு இப்பால் இருந்தே சொன்னேன். "பிள்ளை, வெளிக்கிடுங்கோ."

சத்தம் இல்லை. கேட்கவில்லையாக்கும் என்று கொஞ்சம் பலமாகச் சொன்னேன். "அவசரமில்லை. ஆறுதலா வெளிக்கிடுங்கோ. நான் வாசலிலை நிக்கிறன்."

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. வெளியே போவதற்கு உடுத்து ஆயத்தமாவதைத்தான் நாங்கள் வெளிக்கிடுவது என்போம். கலியாண வீட்டுக்கும் வெளிக்கிடுவோம், வேலைக்கும் வெளிக்கிடுவோம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனைவி தொலைக்காட்சித் தமிழிலும் நான் தலையாட்டலிலும் பேசி வந்ததால், இந்தச் சொல் அவள் காதில் விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

கார்க் கண்ணாடியில் இருந்த பனியை நான் சுரண்டி முடித்து வெகுநேரமாகியும் அவள் வரவில்லை. பெண்பிள்ளை, வடிவாக வெளிக்கிடுகிறாள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். வந்தபோது இரண்டு கையிலும் பெட்டிகள். எனக்கு ஒரு கணம் திகைப்பு. பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த நாட்டு மாணவர்கள் சனி ஞாயிறில் கூட்டாளிகளோடு மலையில் உள்ள மரவீடுகளுக்குப் போய்த் தங்குவார்கள். எங்கள் மகளும் போவாள். இவளும் எங்கேயோ போகத் திட்டம் போட்டிருக்கிறாள், நாங்கள்தான் இடையில் குறுக்கிடுகிறோம். சரி, சப்பாத்து வருகிற கிழமை வாங்கலாம் என்று சிரித்துக்கொண்டு பெட்டிகளை வாங்கி ஏற்றினேன்.

லில்லெஸ்திரோமுக்குக் கிட்டப் போகும்வரை இருவரும் பேசவில்லை. அங்கேதான் மனைவி வேலை செய்கிற முதியோர் இல்லம் இருக்கிறது.

"அங்கிள், ஸ்டேஷன்ல இறக்கி விட்டுருங்க" என்றாள்.

"ஓம்" என்றேன். எங்கே போகிறாள் என்று கேட்க வாய் உன்னியது. வளர்ந்த பிள்ளையிடம் அதெல்லாம் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

இறங்கியதும் கீழறைக் கதவைப் பூட்டுகிற திறப்பை என் கையில் வைத்தாள். "எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். ஆன்ட்டிகிட்ட சொல்லிருங்க." பனிக்குள் தொலைத்துவிடக்கூடாது என்று திறப்பைத் தருகிறாள், பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அதைச் சட்டைப்பையில் போட்டேன்.

முதியோர் இல்ல வாசலில் மனைவி காருக்குள் ஏறியதும் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை எங்கை?"

"ஸ்டேசனிலை விட்டனான். கூட்டாளியளோடை எங்கையோ போறா போலை. இரண்டு பெட்டியும் கொண்டுபோனவ."

"இரண்டு நாளைக்கு இரண்டு பெட்டியோ?"

"திறப்பையும் தந்திட்டுத்தான் போனவ."

மனைவி இழுத்த இருக்கைப் பட்டியை அப்படியே விட்டாள். "திறப்பைத் தந்தவவோ? உங்களுக்கு வாயிலை என்ன கொழுக்கட்டையோ? என்ன ஏதெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையோ? திருப்புங்கோ காரை."

திரும்பிப் போகிற வழியெல்லாம் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை எடுக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற ரயில் அந்த ஸ்டேசனில் நின்றுதான் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகப்பனின் நிபந்தனையும் ஞாபகம் வந்தது. காரை எங்கே நிறுத்தினேன் என்றுகூட இப்போது நினைவில்லை.

மேடையின் கடைசியில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். கையில் தொலைபேசி. கண் சிவந்திருந்தது. மனைவி பதற்றத்தில் தொலைக்காட்சித் தமிழை மறந்துபோனாள்.

"என்ன பிள்ளை, எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

"நீங்களும் அதையே சொல்றீங்களே ஆன்ட்டி" என்று பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். "அங்கிள் படியில நின்னு வெளிய போ வெளிய போன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு. நேத்து புகையாக்குனது தப்புதான். அதுக்காக ஒடனேவா? ஆறுதலா வேற போகச் சொன்னாரு. வீட்ட விட்டு அனுப்பறப்ப ஆறுதலும் சொல்றாரு பாருன்னு நெனச்சேன். அப்புறம் சிரிச்சுகிட்டே பெட்டியத் தூக்கி வச்சாரு ஆன்ட்டி. அதத்தான் தாங்க முடியல."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வெளிக்கிடச் சொன்னனான்."

"அது சரிதானே" என்றாள். பிறகு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் அந்தச் சொல் இரண்டாக உடைவதை நான் பார்த்தேன். "ஐயோ பிள்ளை, வெளிக்கிடுறதெண்டால் உடுப்பு மாத்தி றெடியாகிறது. உங்களுக்குச் சப்பாத்து வாங்கவெல்லோ இவர் கூப்பிட்டவர்."

"அப்ப ஆறுதலா?"

"மெல்லமா. நேரமெடுத்து."

பிள்ளை என்னையும் பார்த்தாள், தன் காலில் இருந்த ஊறிய சப்பாத்தையும் பார்த்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. மனைவி வாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விமான நிலைய ரயில் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது.

"ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கேல்லை?" என்றேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"பயமா இருந்துச்சு அங்கிள். சிலோன்காரங்க சுத்தத் தமிழ் பேசுவாங்க, நம்ம இங்கிலீஷ் கலந்து பேசினா சிரிப்பாங்கன்னு ஊர்ல சொல்லிவிட்டாங்க. நீங்க வேற ஒண்ணுமே பேச மாட்டீங்களா, என் தமிழ் பிடிக்கலன்னு நெனச்சேன்."

நான் பேசுவது மற்றவர்களுக்கு விளங்காமல் போனால் அதற்கு என் ஐந்தாம் வகுப்புத்தான் காரணம் என்று இவ்வளவு காலமும் நினைத்து வந்தவன். இங்கே பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி என் தமிழுக்குப் பயந்து கீழறையில் ஒளிந்திருந்திருக்கிறாள்.

அப்போது அவள் கையில் இருந்த தொலைபேசி அடித்தது. பிள்ளையின் சிரிப்பு நின்றது. "அப்பா. பேசணும்னு மெசேஜ் போட்டிருந்தேன். வேற ஒண்ணும் சொல்லல. இந்தக் குரலக் கேட்டா அழுதிருக்கேன்னு கண்டுபிடிச்சிருவாரு. காரணம் கேக்க மாட்டாரு, கெளம்பி வான்னுதான் சொல்லுவாரு." தொலைபேசியை மனைவியிடம் நீட்டினாள். மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாங்கினேன். முன்பின் தெரியாத ஒருவரோடு தொலைபேசியில் பேசுவதென்றால் பல் மருத்துவரிடம் போவதுபோலப் பயப்படுகிறவன் நான்.

"வணக்கம் ஐயா. ஒஸ்லோவிலை இருந்து அங்கிள் கதைக்கிறன்."

"வணக்கம் சார், வணக்கம். பாப்பா பேசணும்னு போட்டிருந்தா. எதும் பிரச்சினையா சார்?" அவர் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். மகள் துரொண்ட்ஹெய்முக்குப் போன முதல் மாதம் என் குரலும் அப்படித்தான் இருந்தது.

"ஒண்டுமில்லை. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளை எங்களோடைதான் நிக்கிறா."



"ஏன் சார் நிக்கா? உக்காரச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை உண்மையாகவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தங்கியிருக்கிறாள் என்பதைத்தான் நான் நிற்கிறாள் என்று சொன்னேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? "ஓம் ஐயா, இருக்கச் சொல்லுறன்" என்றேன். எங்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது.

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சுக் கேட்டது. "அது போதும் சார். நீங்களே இருக்கச் சொல்லும்போது எனக்கு என்ன கவலை. படிப்பு முடியிற வரைக்கும் உங்க வீட்லயே இருக்கட்டும்."

நான் அவரைத் திருத்தவில்லை. தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நீலப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு காருக்கு நடந்தேன். அந்த வருடம் ஜூன் மாதம் படிப்பு முடியும் வரை பிள்ளை எங்களோடு நின்றாள். தகப்பனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னால், இருந்தாள்.

ஒஸ்லோ, மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை.