முகத்துவாரத்துக் கடலில் கலைந்த வளையம்

டொல்பின்கள் மீனை வளைத்துப் பிடிக்கும் விதத்தை எத்தனை வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன்! வெளியே வட்டமாக டொல்பின்கள், உள்ளே நெருக்கமான புள்ளிகளாக மீன்கூட்டம். விலங்கியல் வாத்தியாராக ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடிவீட்டில் இருந்தும் அந்த வட்டத்தை நேரில் கண்டதில்லை. முழங்காலும் கண்ணும் அடியோடு கைவிடுமுன் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. கனடாவிலிருந்து வந்த மனைவியின் தம்பி, முகத்துவாரத்து மீன்பிடித் துறையில் போட் பிடித்திருக்கிறேன் என்றதும் வெளிக்கிட்டுவிட்டேன்.

போட்டில் நான், மச்சான், ஓட்டி என்று மூன்று பேர். பாதுகாப்பு அங்கி இரண்டுதான். ஏன் என்று கேட்டதற்கு ஓட்டி சிரித்தான். என் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கரை சின்னதாகத் தெரிந்த இடத்தில் அவற்றைக் கண்டோம். பதினேழு முதுகுகள். இரண்டு தரம் எண்ணினேன். எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். சில டொல்பின்கள் சூடை மீன் கூட்டத்தைக் கீழிருந்து மேலே தள்ளின. மற்றவை இரு பக்கத்தாலும் சுற்றி வந்து வளைத்தன. தெற்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. அது மூடிய பிறகுதான் முறை வைத்து உள்ளே பாய்ந்து தின்னும். அதுவரை ஒன்றும் வாய் வைக்கவில்லை, முந்தியடிக்கவுமில்லை.

அப்போது மச்சான் ஒரு பையை அவிழ்த்துக் கடலில் கொட்டினான்.

"என்னடா அது?"

"பொரி, அத்தான். கோயில் கேணியில மீனுக்குப் போடுறனாங்கள் எல்லே. கிட்ட வருங்கள்."

"பொரி தின்ன அதுகள் என்ன விரதமே?"

அவை திரும்பியும் பார்க்கவில்லை. மச்சான் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். "அண்ணை, கொஞ்சம் கிட்ட விடுங்கோ. வீடியோவில ஒண்டும் தெரியேல்லை."

நான் வேண்டாம் என்று கத்தக் கத்த ஓட்டி எஞ்சினைக் கிளப்பினான். அதோடு விடாமல், தூரத்தில் நின்ற இன்னொரு போட்டுக்குப் போன் எடுத்து, 'அண்ணே, நீ அந்தப் பக்கத்தால் வா, நடுவில் மறிப்போம்' என்று சிங்களத்தில் சொன்னான்.

இரண்டு போட்டும் இரண்டு பக்கத்தால் வளையத்துக்குள் புகுந்தன. மீன்கள் ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. ஒரு குட்டி எங்கள் போட்டுக்கு இந்தப் பக்கமும் தாய் அந்தப் பக்கமுமாகத் தடுமாறிப் பிறகுதான் சேர்ந்தன. மீன் மின்னிய இடத்தில் பொரி மிதந்தது.

ஒருவன் வலை வளைக்கும்போது குறுக்கே போட் விட்டால் முகத்துவாரத்தில் கையைக் காலை முறித்துவிடுவார்கள். ஓட்டிக்கு அது நன்றாகத் தெரியும், அவனும் வலை வளைக்கிறவன்தான். டொல்பினிடம் வலை இல்லை, வந்து சட்டையைப் பிடிக்கக் கை இல்லை. அவ்வளவு உயிர்கள் பட்டினியோடு சேர்ந்து செய்த வேலையை ஒரு வீடியோவுக்காகக் கெடுத்துவிட்டு, எஞ்சினையும் நிறுத்தி, மச்சானும் ஓட்டியும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே வெகுதூரத்தில் அவை மறுபடியும் கூடின.

"அந்தா! திரும்பச் சுத்துதுகள். விடுங்கோ அண்ணை!"

நான் தவழாத குறையாகப் பின்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் கயிற்றின் பிடியை ஒரு கையால் பொத்தி, மறுகையை எஞ்சின்மேல் ஊன்றிக்கொண்டேன்.

"ஐயா, கை சுட்டுரும். எடுங்க."

"சுடட்டும். மற்றவனுக்கும் போன் போட்டு அங்கேயே நிற்கச் சொல்லு."

"அத்தான், பாக்கவேணுமெண்டு வந்ததே நீங்கள்தானே? இஞ்சயிருந்து உங்கட கண்ணுக்கு என்ன தெரியப்போகுது?"

"தெரியாட்டிப் போகட்டும். முதல்ல அதுகள் தின்னட்டும்."

ஓட்டி முணுமுணுத்துக்கொண்டே போன் எடுத்தான். மச்சான் முதுகைத் திருப்பிக்கொண்டு இருந்தான். தூரத்தில் பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து எழுந்தன. வளையம் மூடிவிட்டது என்று அதை வைத்துத்தான் அறிந்தேன். ஒரு முதுகுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை எரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.