கேட்டதும் லீவு கிடைத்துவிட்டது

லடாக் போக இன்று ஆபீஸில் லீவு கேட்டேன். ஒவ்வொரு பயணத்துக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கும் மேனேஜர் சிரித்தார்.

“தாராளமா போய்ட்டு வாங்க. அவசரமே இல்லீங்க.”

புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் காட்டி, “போறதுக்குள்ள துணி வாங்கற பையருங்களோட நீங்க பேசற வேலையெல்லாம் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துருங்க” என்றார். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தைத் தனக்கேற்றபடி தாழ்த்திக்கொண்டாள்.

பல்லடம் பஸ்ஸில் ஏறியதும் கணவருக்கு போன் செய்தேன். நான் மணாலி போய்வந்தபோது என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

“போய்ட்டு வா கண்ணு. வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் சேத்தியே இருந்துட்டு வா.”

குரலில் துளிக் கோபம் இல்லை.

டிக்கெட் பக்கம் போனில் திறந்தே இருக்கிறது. அழுத்தப் பயமாக இருக்கிறது.

ஊர் சுற்றுவதற்காக உங்களோடு இன்னும் யாராவது சண்டை போடுகிறார்களா? கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்.