கோயம்புத்தூர் மோட்டரும் எங்கள் பங்குக் கிணறும்

மார்ச் மாதம் பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானத்தில் முகில் இல்லை. கீழே மட்டும் மெல்லிய பனிமூட்டம். கோயம்புத்தூருக்கு மேற்கே மருதமலைப் படிகளை ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். படிகளை எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். நானூற்றுப் பன்னிரண்டாவது படியில் மனைவி தண்ணீர்ப் போத்தலைக் கேட்டாள், கணக்குக் குழம்பிவிட்டது. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவளுடைய முழங்கால் சுகப்பட வைத்த நேர்த்திக்கடனுக்காகத்தான் போனோம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ், பிறகு ரயில். தென்மராட்சியில் எங்கள் படலையைச் சாத்தியதிலிருந்து அங்கே விடுதிக் கதவைத் திறக்கும்வரை முப்பத்தொரு மணித்தியாலம். அதில் நான் தூங்கியது மூன்று.

மலையிலிருந்து பார்த்தால் நகரம் கிழக்கே கண் எட்டும் மட்டும் கிடந்தது. தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. பழைய பஞ்சாலைகளின் புகைக்கூண்டுகளை எண்ணினேன். ஒன்பது தெரிந்தன, ஒன்றிலும் புகை இல்லை. ஆலைகள் மூடிய இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருந்தன. திரும்பி நின்றால் முதுகுக்குப் பின்னே வேறு உலகம்: காடு, அதற்கு மேல் நீல மலை, அதற்கும் மேல் இன்னொரு மலை. யானை இறங்கும் என்று படியோரத்தில் பலகை வைத்திருந்தார்கள். விடுதியில் தந்த தண்ணீர் அந்த மலையில் இருந்துதான் வருகிறதாம். இரண்டு செம்பு குடித்தேன். அப்படி இனிப்பான தண்ணீரை என் எழுபத்தாறு வயதில் குடித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை நகரத்துக்குள் நடந்தேன். அங்கே மனிதர் சும்மா இருப்பதைக் காணவில்லை. வீட்டு முன்னறையில் கடைசல் இயந்திரம், பின்னறையில் சமையல். ஒரு தெருவில் இரும்பை உருக்கி வார்க்கிறார்கள், அடுத்த தெருவில் அதைக் கடைகிறார்கள், மூன்றாவது தெருவில் பெண்கள் வாசலில் குந்தியிருந்து செப்புக் கம்பி சுற்றுகிறார்கள், நாலாவது தெருவில் அது மோட்டராகிக் கடையில் நிற்கிறது. அந்த நாலாம் தெருவில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் விற்கும் கடைகள் மட்டும் நாற்பத்தேழு. நாற்பத்தெட்டாவது மூடிக் கிடந்ததால் சேர்க்கவில்லை.

எங்கள் பழைய மோட்டர் ஒரு குதிரைவலு. அது இருமிக்கொண்டு நாலு மணித்தியாலம் இறைக்கும். ஒரு கடைக்குள் போனேன். முதலாளி என்னைவிட இளையவர், நல்ல மனிதர்.

"வாங்க, வாங்க. கெணறு எத்தனை அடிங்க?"

"என் கிணறு இருபத்திரண்டு அடி."

"இருநூத்தி இருபதுங்களா?"

"இல்லை. இருபத்திரண்டு."

அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, அது கெணறா, தொட்டிங்களா? எங்க தோட்டத்துல ஆயிரம் அடி போர் போட்டும் காத்துதானுங்க வந்துச்சு. உங்களுக்கு அரை எச்.பி.யே போதுமுங்க."

அரை என்ற சொல் என்னைக் குத்தியது. மூன்று குதிரைவலு மோட்டரைக் காட்டி, அதைத் தரச் சொன்னேன்.

"அவ்வளவு ஆகாதுங்க. கெணறு தாங்காது," என்றார்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன்தானே வேண்டாமெண்டு சொல்லுது," என்றாள் மனைவி. விற்கிறவன் வேண்டாம் என்றும் வாங்குகிறவன் வேண்டும் என்றும் அந்தத் தெருவில் அன்றைக்கு வேறு எங்கும் நடந்திராது.

என் கிணறு என்று சொன்னேனே, அது பாதிதான் என்னுடையது. காணி உறுதிப் பத்திரத்தில் அரைப்பங்கு எனக்கு, அரைப்பங்கு பக்கத்துக் காணியில் தனியே இருக்கும் என் மாமன் மகளுக்கு. மச்சாளின் புருஷன் இறந்து பன்னிரண்டு வருடம். வெங்காயத் தோட்டம்தான் அவளுக்குச் சீவியம். ஒருநாள் என் முறை, மறுநாள் அவள் முறை. தன்னுடைய முறையில் இறைப்பவரை மற்றவர் கேள்வி கேட்பதில்லை. எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். உறுதியில் நாள் எழுதியிருக்கிறதே தவிர, எவ்வளவு தண்ணீர் என்று எழுதவில்லை. ஒரு குதிரைவலுக் காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

கப்பலில் கொண்டுவந்து பூட்டிய புது மோட்டர் ஐம்பத்தைந்து நிமிடத்தில் என் தோட்டத்தை நனைத்தது. மிச்ச நேரம் வீணாகிறதே என்று இன்னும் நூற்றிருபது மிளகாய்க் கன்று நட்டேன். அவற்றுக்கும் இறைத்தேன். கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. நான் பிறந்த பிறகு அந்தக் கல்லை அன்றுதான் கண்டேன். பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பதினெட்டாவது முறைக்கு மறுநாள் காலை, மச்சாள் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஒரு கோப்பை தேத்தண்ணி நீட்டினாள்.

"அத்தான், குடிச்சுச் சொல்லுங்கோ."

குடித்தேன். "சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டிட்டீர்."

"சீனிதான் போட்டனான். உப்பு உங்கடை மோட்டர் போட்டது. மலை நாட்டு மிசினெல்லே, பரவைக்கடலையும் சேர்த்து இழுக்குது."

அவள் தோட்டத்துக்குப் போனோம். எண்பத்து நாலு வெங்காயப் பாத்தி. தாள் நுனி கருகாத பாத்திகளை எண்ணினேன். ஒன்பது.

"ஏன் முந்தியே எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கடை முறை நாளிலை நீங்கள் இறைக்கிறியள். நான் என்னெண்டு வந்து கேக்கிறது?"

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் முப்பத்து மூன்று வருடம் புவியியல் படிப்பித்தவன். மழை நீர் எங்கள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, கூட இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் படம் கீறியிருக்கிறேன். மலையும் காடும் உள்ள ஊர், தண்ணீர் தேடி ஆழத்துக்குப் போகலாம். போனால் ஒன்றுமில்லாமல் போகலாம், அவ்வளவுதான். எங்களுக்கு ஆழத்தில் இருப்பது கடல். அந்தக் கடைக்காரர் கிணற்றைக் காணாமலே சொன்னதை, அதன் கரையில் வளர்ந்த நான் கேட்கவில்லை.

அன்றே மோட்டரைக் கழற்றினேன். பழையது மறுபடி இருமத் தொடங்கியது. என் மிளகாயைக் காயவிட்டு, என் முறை நாட்களில் கிணற்றை ஆறவிட்டேன். ஆனால் உப்பு எங்கள் அவசரத்துக்கு இறங்குமா? ஐப்பசி மழை விழும்வரை இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்தது, இருபத்து மூன்று தரம். வெங்காயம் போய்விட்டது. மச்சாளிடம் காசு நீட்டினேன். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள்.

"காசை வைச்சு நான் பாத்தியிலை நடுறதோ? நட வெங்காயம் வாங்கித் தாங்கோ. அதோடை, இனி முறைக்கு மூண்டு மணித்தியாலம் எண்டு எழுதித் தாங்கோ. படிச்ச கையெழுத்தாய் இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன், இருவரும் ஒப்பமிட்டோம். நூற்றைம்பது கிலோ நட வெங்காயமும் வாங்கிக் கொடுத்தேன். மோட்டர் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடக்கிறது. அதன் விலை, சுங்கவரி, பூட்டுக்கூலி, பவுசர், வெங்காயம் எல்லாம் சேர்த்து, என் மிளகாயைக் கணக்கில் எடுக்காமல், இலங்கைக் காசில் ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.