தட்டிப் பார்த்துச் சொன்ன ரோனா

எண்பத்தொன்பது நாள். ஓஹையோவின் வடமேற்கு மூலையில், வெர்டன் ஊருக்கு வெளியே சோளக்காட்டில் எழுந்த புதிய தொழிற்சாலையில் ரோனா பெட்ரஸ்கி வேலை பார்த்தது அவ்வளவுதான். தொண்ணூறாவது நாளைத் தொட்டிருந்தால் நிரந்தரமாகியிருப்பார், மருத்துவக் காப்பீடு கிடைத்திருக்கும். அது கிடைத்தால் கணவர் வேடின் இடுப்பு மூட்டுக்கு அறுவை சிகிச்சை என்று ஏற்பாடு. வேட் ஒன்றரை வருடமாக மாடி ஏறவில்லை. கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

ரோனாவுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருடம் குளிர்பதனப் பெட்டிகளுக்கு கம்ப்ரசர் செய்த ஆலையில் போயிற்று. ஆலை மெக்சிகோவுக்குப் போன பிறகு துணிக்கடை, பள்ளிக்கூடச் சமையலறை, முதியோர் இல்லம் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்.

பிறகு இந்தப் புதிய தொழிற்சாலை வந்தது. மின்சாரக் காரின் பேட்டரியைக் குளிரவைக்கும் தகடுகள் செய்வார்கள். வட்டார வளர்ச்சிக் குழு பத்து வருட வரிவிலக்கு கொடுத்தது. பதிலுக்கு நிறுவனம் இருநூற்று நாற்பது பேருக்கு வேலை தருவதாக எழுதிக் கொடுத்தது. பூமி பூஜைக்கு நிகரான அந்தச் சடங்கில் மேயர் உட்பட ஏழு பேர் பளபளக்கும் மண்வெட்டியால் ஆளுக்கு ஒரு பிடி மண்ணைக் கிளறினார்கள். ரோனா சமுதாயக் கல்லூரியில் பதினான்கு வாரம் பயிற்சி எடுத்து, ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக உள்ளே போனார்.

வேலை இதுதான். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ரோபோ கை பசை தடவும், இன்னொன்று அழுத்தி ஒட்டும். குளிர்ந்த காலைகளில் பசை கெட்டியாகி ஏதாவது ஒரு மூலையில் இடைவெளி விழும். தகட்டைச் சோதிக்கும் கேமராவுக்கு அது தெரியாது. சோதனை மேசையில் ரோனா விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் சத்தம் மந்தமாக வரும், ஒட்டாவிட்டால் கிண்ணென்று கேட்கும். பழைய ஆலையில் கம்ப்ரசர் ஓடுகளைத் தட்டித் தட்டிப் பழகிய காது. இரண்டே வாரத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பெண்களும் தட்ட ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவர் பானி ஆக்டர்பெர்க். ஏஜென்சி வேலையிலேயே ஆறு கம்பெனி பார்த்தவர். எஞ்சினியர் டெவின் குறிப்பேட்டோடு இந்தப் பக்கம் வருவதைக் கண்டதும் ரோனாவின் காதருகே வந்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கறேன்னு அவன் கேட்டா, ராசியான கைன்னு சொல்லு. வேற எதையும் சொல்லிடாத, தாயே."

"இருபத்திரண்டு வருஷத்துல யார்கிட்டயும் ஒண்ணையும் ஒளிச்சதில்ல, பானி."

"அங்க யூனியன் இருந்துச்சுடி."

பானி சொன்னதில்தான் விஷயமே இருந்தது. பழைய ஆலையில் ஆட்குறைப்பு வந்தாலும் முதலில் சேர்ந்தவர்தான் கடைசியில் போவார். தெரிந்ததை யாருக்குச் சொன்னாலும் சொன்னவர் இடம் அசையாது. தொழிலை ஒளிப்பவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த வெர்டன்காரர் யாராக இருந்தாலும் தெரிந்ததைச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்.

எழுபத்தொன்றாம் நாள் ரோனா, டெவினை அருகில் நிறுத்தி நாற்பது தகடுகளைத் தட்டிக் காட்டினார். எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு அழுத்தமாக, எந்தச் சத்தத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். டெவின் அந்த இடத்தில் ஒரு சின்னச் சுத்தியலும் மைக்கும் பொருத்தினார். ஒன்பது நாளில் கணினி சத்தத்தைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது.

வளர்ச்சிக் குழுவின் ஆண்டு மதிய விருந்தில் ரோனாவுக்குப் 'பணித்தளப் புதுமை விருது' கொடுத்தார்கள். கோழிக்கறியும் பச்சை பீன்ஸும் பரிமாறினார்கள். நான் எழுதும் உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு பத்தி அகலத்தில் அவர் படம் வந்தது. வேட் விருதுப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு. இடுப்புல வச்சுத் தைக்கச் சொல்லலாமா?"

"இன்னும் ஆறு நாள் பொறுங்க, நிஜமான இடுப்பே வரும்" என்றார் ரோனா.

எண்பத்தொன்பதாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில், வண்டி நிறுத்தும் இடத்தில் போன் வந்தது. ஏஜென்சிப் பெண் பணிவாகப் பேசினார். சோதனை மேசையில் இனி ஆள் தேவையில்லையாம், மூன்று பேரையும் அன்றோடு நிறுத்துகிறார்களாம், ரோனா மேல் எந்தக் குறையும் இல்லையாம். வேறு மேசை இருக்கிறதா என்று ரோனா கேட்டார். தன்னிடம் இருக்கும் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பானிக்கும் அதே போன், பத்து நிமிடம் கழித்து. பானி ரோனாவைத் தாண்டி நேராகத் தன் வண்டிக்குப் போனார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்கிறார் ரோனா.

ரோனா தன் அலமாரியைக் காலி செய்யும்போது டெவின் ஓடி வந்தார். தனக்கு இது தெரியவே தெரியாது என்று இரண்டு தடவை சொன்னார். பொய் சொல்லும் முகமில்லை அது. பிறகு, போகிற போக்கில், கையில் இருந்த குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் ரோனா. வெயில் காலத்துல, காத்துல ஈரம் இருக்கிறப்போ, சத்தம் மாறுமா?"

"ஜூன் மாசம் வரைக்கும் என்னை வச்சிருந்தா தட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன், தம்பி."

வளர்ச்சிக் குழுவின் ஆண்டறிக்கை போன வாரம் வெளியானது. 'உருவான வேலைகள்' என்ற தலைப்பில் ரோனாவும் மற்ற இருவரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 'வட்டாரப் புதுமைகள்' பக்கத்தில் சுத்தியலும் மைக்கும் இருக்கின்றன, ரோனாவின் படத்தோடு. அந்த மூன்று வேலைகள் இப்போது இல்லையே என்று குழுவின் இயக்குநரிடம் கேட்டேன். உருவானதைக் கணக்கில் சேர்ப்பதுதான் ஒப்பந்தம், நீடித்ததை அல்ல என்றார். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். அவர் சொன்னது சரிதான்.

வேடின் அறுவை சிகிச்சைத் தேதியை மருத்துவமனை ரத்து செய்துவிட்டது. திங்கட்கிழமை முதல் ரோனா நாற்பது மைல் தள்ளி கோழி வெட்டிப் பதப்படுத்தும் ஓர் ஆலையில் காலை ஷிஃப்டுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து மாடியிலிருக்கும் கட்டிலைக் கழற்றி, கீழே கூடத்தில் போட்டுக் கொடுப்பார்கள்.