வலப்பக்க இருக்கை

மாலை ஐந்து மணி ஐம்பத்தேழு நிமிடம். நான் முதலில் பார்த்தது என் இரண்டு முழங்கால்களை. அவை என் மோவாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு கரடி பொம்மை தொங்கியது. அதற்கும் மேலே, சன்னல் வழியே, எங்கள் ஷார்ஜா பள்ளி அரங்கின் ஏசி குழாய். ராக்கெட் கிளம்பியதை நான் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். அரங்கு நிறைய இருந்த பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்த நிமிடத்தில் கஜகஸ்தானிலிருந்து சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலம் மூன்று பேரோடு புறப்பட்டிருந்தது. நடுவில் ரஷ்யத் தளபதி, இடப்பக்கம் ஓர் அமெரிக்கப் பெண், வலப்பக்கம் அமீரகத்தின் முதல் விண்வெளி வீரர். ஷார்ஜாவில் இன்னொரு சோயுஸ் இருந்தது. தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் உருவானது. அதன் வலப்பக்க இருக்கையில், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் மல்லாந்து கிடந்தேன்.

அந்த இருக்கை எனக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஒருமுறை கிடைத்து, கையைவிட்டுப் போகப் பார்த்து, மறுபடி கிடைத்தது.

ஏப்ரலில் பள்ளி திறந்ததுமே அறிவியல் மிஸ் சொல்லிவிட்டார். செப்டம்பரில் அமீரக வீரர் போகிறார், அன்று மாலை பள்ளியில் பெரிய திரை வைக்கப்படும், மேடையில் நம் வகுப்பு ஒரு சோயுஸை நிறுத்தும், உள்ளே மூன்று பேர் உட்காருவார்கள். பக்கத்து வகுப்புக்கு இறக்கை வைத்த அமெரிக்க விண்வெளி ஓடம் கிடைத்தது. தெர்மகோலில் செய்து, வெள்ளை அடித்து, அழகாக இருந்தது. எங்கள் சோயுஸின் படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பூமிக்குத் திரும்பும் பகுதி கவிழ்த்துப் போட்ட தவலை மாதிரி இருக்கும்.

சிரித்தவர்களுக்காகவே நான் அதன் வரலாற்றை மனப்பாடம் செய்தேன். 1967இல் முதன்முதலாக ஆளோடு பறந்தது. இறங்கும்போது பாராசூட் சரியாக விரியாமல், போன ஒருவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பும் வழியில் உள்ளே இருந்த காற்று வெளியேறி மூவர் இறந்தனர். அதன் பிறகு சோயுஸில் போன ஒருவரும் சாகவில்லை. அமெரிக்க ஓடங்கள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போக மிச்சமிருப்பது இந்தத் தவலை மட்டுமே. போன வருடம் ராக்கெட் பாதி வழியில் பழுதானபோதுகூட, தவலை தனியே பிரிந்து உள்ளே இருந்த இருவரையும் பத்திரமாகத் தரையில் இறக்கியது.

இதை வீட்டில் நின்றபடி ஒப்பித்துக் காட்டியபோது அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார்.

"செத்தவங்க கணக்கையெல்லாம் மேடையில சொல்லாதடி. நாளைக்கு ஒருத்தரு ஏறப் போறாரு."

மூன்று பேரில் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த மனப்பாடம் காரணமில்லை. மிஸ் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, கடைசியில் இருந்த குட்டையான மூன்று பேரை இழுத்துக்கொண்டார். உள்ளே இடம் குறைவு. வாழ்க்கையில் முதல்முறையாகக் குட்டையாக இருந்ததில் எனக்கு லாபம் வந்தது. எனக்கு அடுத்தபடி நின்றவள் ஒரு மதுரைக்காரி. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தாள். ஒரு விரல்கடை வித்தியாசத்தில் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதை அவள் மன்னிக்கவில்லை.

விண்கலத்தைச் செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. தொழிற்பேட்டையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கல், வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. பட்டறையில் ஒரு தொட்டி, அச்சு நழுவி ஒரு பக்கம் உப்பிப்போய், விற்க முடியாமல் வெயிலில் கிடந்தது. நான் காட்டிய படத்தைப் பார்த்ததும் அவருக்கு அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. "லே ஜாவோ பாய்" எடுத்துக்கொண்டு போ என்று ஃபோர்மேன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். அவருக்கு இடம் காலியானால் போதும்.

"தொட்டின்னா உள்ள தண்ணி நிக்கணும்," என்றார் மாமா. "உன் கப்பல்ல காத்து நிக்கணும். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

சோயுஸில் இருக்கைகள் கடையில் வாங்கியவை போல இருக்காது. போகிற ஒவ்வொருவரையும் ஈர ஜிப்சத்தில் படுக்கவைத்து, முதுகின் அச்சை எடுத்து, அந்த ஆளுக்கென்றே ஓர் உள்ளிருக்கை செய்வார்கள். தரையில் மோதும் அடியை உடம்பு தாங்க வேண்டும் என்பதற்காக. ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. இதைச் சொன்னதும் மாமா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"அக்கா, கேட்டியா? அங்கயும் ஜிப்சந்தானாம்! இதைத்தானே நாங்க தெனம் பண்றோம்."

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அச்சு எடுத்தோம். மற்ற இரு பிள்ளைகளின் வீடுகளில் சம்மதிக்கவில்லை; அவர்களுக்கு மெத்தை வைப்பதாக ஏற்பாடு. பட்டறையில் நகப்பூச்சு வாசனை போல ரெசின் பசையின் வாடை. மரப்பெட்டியில் பாலித்தீன் விரித்து, என் உடம்பிலும் பாலித்தீன் சுற்றி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தார். சுற்றிலும் ஜிப்சம் ஊற்றினார்கள். முதலில் சில்லென்றிருந்தது. பிறகு இறுக இறுக, யாரோ பின்னால் கட்டிப்பிடித்திருப்பது போலச் சூடேறியது.

அசையாமல் படுத்தபடி நான் எச்சரித்தேன்.

"மாமா, தலைக்கு மேல கொஞ்சம் இடம் விடணும். மேல போனா ஆளு வளந்துடுவாங்களாம். நெசத்துல அப்படித்தான் விடுறாங்க."

"மேல போனாத்தானே? நீ புதுக்கோட்டைக்குத்தானே லீவுக்குப் போற."

"அங்க போனாலும் வளருவேன்."

"ரெண்டு மாசத்துல என்னாத்த வளந்துறப் போற மருமவளே? இருக்கிற உடம்புக்குக் கச்சிதமா நிக்கட்டும். பேசாத, மூஞ்சி கோணிக்கும்."

அந்த அச்சுக்குள் ஃபைபர் விரித்து, ரெசின் பூசி, இருக்கையை உரித்து எடுத்தார். என் முதுகு, என் தோள், என் பின்னந்தலை. நானே கழற்றிவைத்த ஓடு மாதிரி இருந்தது. அதில் படுத்தால் ஒரு விரல்கூட நுழையாது.

பிறகு ஜூலை, ஆகஸ்ட். வளைகுடாப் பிள்ளைகள் எல்லோரும் போல நாங்களும் ஊருக்குப் போனோம். மாம்பழம், குளம், வெயில், மூன்று வேளையும் யாராவது ஒருவர் ஊட்டிவிடும் சோறு. செப்டம்பரில் திரும்பியதும் சீருடைப் பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிட வேண்டியிருந்தது. அதை நான் பெருமையாக நினைத்தேன். இருக்கை என் நினைவில் இல்லை.

வந்த முதல் வெள்ளிக்கிழமை ஒத்திகைக்காக அம்மாவும் நானும் பட்டறைக்குப் போனோம். தொட்டி இப்போது விண்கலமாகியிருந்தது. பழுப்பு வண்ணம், சன்னல், பார்ப்பவர்களுக்காக ஒரு பக்கம் வெட்டித் திறந்திருந்தது. மதுரைக்காரியும் மிஸ்ஸும் வந்திருந்தார்கள். நான் ஏறி என் ஓட்டில் படுத்தேன். தலை விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது. தோள் குழியில் இறங்கவில்லை. முழங்கால் எதிரே இருந்த பலகையில் இடித்தது.

"ஏய், நீ என்ன ஊருக்குப் போயி பனைமரத்தையா முழுங்குன?" என்றாள் மதுரைக்காரி. அவள் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. இம்மியும் வளராமல் இருந்தாள்.

மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரந்தான், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மெத்தை போட்டு மதுரைக்காரியை உட்காரவைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன்.

மாமா டேப்பை எடுத்து என்னை அளந்தார். ஜூனில் சுவரில் போட்டிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"டேப்பு தப்பா மாமா?"

"டேப்பு சரியாத்தான் இருக்கு. நீதான் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே, தன் மகளைப் பற்றிக் கேட்டார். அவள் என் வயதுக்காரி. ஊரில் தன் அம்மாவோடு இருந்தாள். விடுமுறை முழுக்க நான் அவளோடுதான் சுற்றினேன்.

"நம்ம புள்ள இப்ப உன்னையவிட உசரமா, குட்டையா?"

"உசரம் மாமா. என் நெத்தி அவ தோளுக்குத்தான் வரும்."

"போன்ல அப்படித் தெரியலையே."

"போன்ல எல்லாரும் ஒரே உசரந்தான் மாமா. மூஞ்சி மட்டுந்தானே தெரியும்."

அவர் கவிழ்த்துக் கிடந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்தார். "க்யா ஹுவா பாய்?" என்ன ஆச்சு என்று ஃபோர்மேன் தூரத்திலிருந்து கேட்டார். மாமா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கையை எங்கே அறுத்து எங்கே ஒட்டுவது என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டு முடிக்கட்டும் என்று நானும் பொறுமையாக நின்றேன்.

அம்மாதான் பேசினார். "அறுத்து ஒட்டிருவோமா தம்பி?"

"ஒட்டு வேணாங்க்கா. புதுசா ஊத்துவோம்."

அன்றே மறுபடி பெட்டி, பாலித்தீன், ஜிப்சம். இந்த முறை என் தலைக்கு மேல் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு கட்டையை வைத்துவிட்டு ஊற்றினார்.

"மாமா, ரெண்டு வாரத்துல நான் அம்புட்டு வளர மாட்டேன்."

"யாரு கண்டா?" என்றார் மாமா. "இடம் கெடக்கட்டும்."

அந்த வாரம் டியூட்டி முடிந்த பிறகு தினமும் அவர் அதில் வேலை செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மிஸ் வந்தபோது நான் இருக்கையில் இறங்கி, வார்களை மாட்டி, கையை மடியில் வைத்துக் காட்டினேன். மிஸ் தலையாட்டினார். மதுரைக்காரிக்குத் திரை அருகே நின்று ஆங்கிலத்தில் வரலாற்றைச் சொல்லும் வேலை கிடைத்தது. செத்தவர்கள் கணக்கோடு சேர்த்து அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

ராக்கெட் கிளம்பிய மாலை அரங்கில் நடந்ததில் பாதியை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியை என் முழங்கால்களுக்கு நடுவே பார்த்தேன்.

சோயுஸில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர்கள் ஒரு சின்னப் பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். மேலே போய் இயந்திரம் நின்றதும் எடை போய்விடும், பொம்மை மிதக்கும். வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் கரடியையும் மிதக்கவைத்துவிடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். தூண்டில் நரம்பைக் கரடியின் தலையில் கட்டி, கூரையில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுபோய், நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கலத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் நிஜப் பொம்மை மிதக்கும்போது இவர் இழுக்க வேண்டும். ஆனால் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரை தெரியாது.

சுற்றுப்பாதை வரை ஒன்பது நிமிடம்கூட ஆகாத பயணம் அது. ஏழாவது நிமிடம் பின்வரிசையில் ஒரு குழந்தை எதற்கோ கைதட்டியது. மாமா இழுத்துவிட்டார்.

கரடி துள்ளி எழுந்தது. அரங்கு முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. நிஜ சோயுஸில் பொம்மை இன்னும் கயிற்றில் விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருக்க, ஷார்ஜா முதலில் விண்வெளியை அடைந்தது. கைதட்டல் கூரையை இடித்தது. "மாமா, இன்னும் இல்ல!" என்று நான் பல்லைக் கடித்தபடி சொன்னேன். "வந்தாச்சுன்னு வையி!" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. கரடியை அவர் இறக்கவே இல்லை. இரண்டு நிமிடம் பொறுத்துத் திரையில் இருந்த பொம்மையும் மெல்ல மேலே எழும்பியது. அப்போது அரங்கில் எழுந்த சத்தத்தை அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. எந்த நாட்டுப் பிள்ளை எந்த நாட்டுக்காரருக்காகக் கத்துகிறது என்று யாரும் பார்க்கவில்லை. வாட்ச்மேன்கூட விசிலடித்தார்.

பிரின்சிபால் மாமாவை மேடைக்கு அழைத்தார். விரலில் சுற்றிய நரம்பைக் கழற்ற மறந்து அவர் நடந்ததால் கரடியும் உள்ளே துள்ளித் துள்ளி ஆடியது. மைக்கை நீட்டி ஏதாவது பேசச் சொன்னார்கள். மாமா கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

எட்டு நாள் கழித்து அமீரக வீரர் பூமிக்குத் திரும்பினார். போன கலம் விண்வெளி நிலையத்திலேயே நின்றது. அவர் வந்தது அதற்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்த வேறொரு சோயுஸில். தன் உள்ளிருக்கையைக் கழற்றி அதில் மாற்றிப் பொருத்திக்கொண்டு வந்தார். பத்திரமாக இறங்கினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் மாமா ஒரு பெரிய துணிப்பையோடு என்னையும் அம்மாவையும் ரோலா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். ஊருக்குப் போக லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக வழியில் சொன்னார். பையில் கவுன்கள் இருந்தன. ஒவ்வொரு பெருநாள் தள்ளுபடியிலும் மகளுக்கென்று ஒன்றாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாராம். விலைச்சீட்டு தொங்கியது. எல்லாமே சின்னச் சின்னதாக இருந்தன. என் கைகூட நுழையாது.

கடைக்காரர் கீழக்கரைக்காரர், அண்ணனைக் காக்கா என்பவர். "காக்கா, இதுல ஒண்ணு மட்டுந்தான் மாத்த முடியும், மத்ததெல்லாம் பழைய சரக்கு" என்றார். பரவாயில்லை என்று மாமா புதிதாகவே எடுத்தார். ஒவ்வொன்றையும் என் முதுகில் வைத்துப் பார்த்தார். "இதைவிடப் பெருசு குடுங்க" என்றார். மறுபடி வைத்துப் பார்த்தார். "இன்னும் பெருசு." அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தார். அத்தனை கவுன்களையும் என் மேல் வைத்து அளந்துவிட்டு எனக்கென்று ஒன்றுகூட எடுக்கவில்லையே என்ற கோபத்தில், வீடு வரும்வரை நான் மாமாவோடு பேசவில்லை.

அவர் கடைசியாக ஊரில் இருந்தபோது அவருடைய மகள் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.