விரல் என்று அடித்தவள்

விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள் எழில்மதி. மேசையில் சுரங்கத்துக் கரித்தூள் உதிர்கிறது. காலையில் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை. வடக்குத்தில் மாடியில் இருக்கிற அந்த அலுவலகத்துக்கு, ஜன்னலைச் சாத்தினாலும் தூள் வந்து சேர்ந்துவிடும். துப்பட்டா நுனியால் மேசையைத் துடைத்த பிறகுதான் கணினியைத் திறப்பாள். அது விழிக்கிற வரைக்கும், "வா சாமி, வா" என்று மாட்டை ஓட்டுவது போல மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

டவுன்ஷிப் தெருக்களைப் பெருக்க ஆள் அனுப்புகிற ஒப்பந்த நிறுவனம் அது. ஆட்களின் வருகையைப் பதிய ஒரு மென்பொருள் உண்டு. அதில் எதை மாற்ற வேண்டுமானாலும் எழில்மதியிடம்தான் வர வேண்டும். ஷிப்ட் நேரம் மாறிவிட்டது, பெயரில் எழுத்துப் பிழை, புது பிளாக்கைச் சேர்க்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கோரிக்கையாகப் பதிந்து, எண் போட்டு, மென்பொருள் செய்தவர்களுக்கு அனுப்புவாள். அவர்கள் மாற்றிக் கொடுத்ததும் கோரிக்கை மூடப்படும். "நம்பர் போட்டுட்டேன் இல்லீங்க, இனிமே அது அனாதை இல்ல" என்பாள். சூப்பர்வைசர்கள் அவள் மேசைக்கு அனாதை ஆசிரமம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் சிரிக்க மாட்டாள். "இன்னைக்கு எந்தப் புள்ளைய இட்டாந்தீங்க?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்பாள்.

அந்த மென்பொருளில் ஆங்கில எழுத்து மட்டும்தான் ஏறும். எழில்மதி பண்ருட்டியில் கணினி படித்தவள். ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதும்போது தடுக்கும். தடுக்கிற இடத்தில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுப் போவாள். முதலில் சென்னையில் இருந்த மென்பொருள்காரர்கள் புரிந்துகொண்டார்கள். பிறகு அந்த வேலை பெங்களூருக்குக் கைமாறியது. அங்கே பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். பழக்கம்தான் விடவில்லை.

செல்லக்கிளி அவளுக்குச் சின்னம்மா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. காடாம்புலியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தெரு பெருக்குகிறாள். வீட்டுக்குப் போனதும் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்துவிடுவாள். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுப் பட்டு, தோல் வெந்து உரிந்து, விரல்கள் ரேகையே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டன. வருகைக்காக வாசலில் ரேகைக் கருவி மாட்டியபோது அவள் கட்டைவிரல் அதில் ஏறவே இல்லை. மறுபடி வையுங்கள் என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. "ஒன் மருமவ வூட்டுக்குள்ள சேக்க மாட்டேங்குறாளே" என்று பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "நானும் வாசல்லியே நின்னுகினு இருக்கேன், மனசு எறங்குறாளா பாரு" என்றாள் செல்லக்கிளி.

ஆனால் வருகை ஏறாத நாள் வேலை செய்யாத நாள்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வருகை குறைந்தவர்களை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒப்பந்தமோ அந்த மாதக் கடைசியில் முடிகிறது. ரேகை ஏறாதவர்களுக்குச் சூப்பர்வைசரே வருகை போட வழி வேண்டும் என்று எழில்மதி கோரிக்கை எழுதினாள். ஊரில் சொல்கிற மாதிரி, 'முந்திரி விரல்' என்றே தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்தாள். பதற்றத்தில் விவரம் முழுக்கத் தமிழாகவே வந்துவிட்டது. வருகை என்பதும் அவசரம் என்பதும் மட்டும் ஆங்கிலம்.

அந்த வாரமே முடித்து அனுப்பிவிட்டார்கள். எழில்மதி ஆசையாகத் திறந்தாள். விரல் என்று அவள் அடித்த எழுத்துகளைப் பெங்களூர்க்காரர் 'வைரல்' என்று படித்திருந்தார். வைரல் காய்ச்சல். விடுப்புக் காரணங்களில் அதைப் புதிதாகச் சேர்த்து, செல்லக்கிளிக்கு ரேகை ஏறாத நாள் அத்தனைக்கும் அதையே நிரப்பி, கோரிக்கையை மூடியிருந்தார்.

மேலாளர் சைமன்ராஜிடம் போய் நின்றாள். கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். திரையைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மூடியதைத் திறக்க முடியாது, புதிதாக ஒன்று போடு என்றார். ஆனால் பதிந்துவிட்ட விடுப்பை நீக்கத் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும், அது போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். புது ஒப்பந்தத்துக்கான பெயர்கள் அன்று சாயங்காலமே போகின்றன. தினமும் பெருக்குகிறாளே, நீங்களே பார்க்கிறீர்களே என்று எழில்மதி கெஞ்சினாள்.

"நான் பாக்குறேம்மா. சிஸ்டம் பாக்கலியே. மாசம் பூரா காய்ச்சல்ல கெடந்தவங்கள அடுத்த கான்ட்ராக்ட்டுல எப்புடி காட்டுறது?"

அவர் கெட்டவர் இல்லை. அதனால் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

புதுக் கோரிக்கையை, சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து, முழுக்க ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். யாருக்கு உதவப்போகிறதோ. ஷிப்ட் முடிந்து செல்லக்கிளி வந்தபோது, மாடிப்படியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் அடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்பதையும் மறைக்கவில்லை.

செல்லக்கிளி துடைப்பத்தைப் படியோரம் சாய்த்து வைத்தாள்.

"காச்சல்னா எழுதிட்டான்?"

"ஆமா சின்னம்மா."

செல்லக்கிளி எழில்மதியின் கையை இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீயே தொட்டுப் பாத்து சொல்லு எழிலு. காயுதா?"

வேர்வையில் கழுத்து சில்லென்று இருந்தது. கீழே காடாம்புலியூர் பஸ் வந்து நின்றது. செல்லக்கிளி பிடித்திருந்த பிடியை விட்டாள். எழில்மதி கையை எடுக்கவில்லை.